நல்ல தண்ணிக் கணக்கு

கிறிஸ்துநாயகத்துக்குச் சீதனத்தோடு தருவதாகச் சொன்ன வள்ளத்து எஞ்சின், கலியாணம் முடிந்து எட்டு வருசம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அந்த எட்டு வருசமும் அவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில், வலை காயப்போடும் இடத்தில், பூசை முடிந்து சனம் கலைகிற வாசலில், ஆர் அகப்பட்டாலும் பிடித்து நிறுத்தி, "எங்கடை மாமி வாக்குத் தவறின மனிசி" என்று சொல்லித்தான் விடுவான். மாதகலில் அதைக் கேளாத காது இல்லை. மாமி யோசப்பினின் காதும் மாதகலில்தான் இருந்தது.

அவன் பிறந்தது குருநகரில். மாதகலில் ஸ்ரெல்லாவைக் கட்டி, பெண் வீட்டிலேயே குடியேறினான். ஆகவே மாமியைக் குறை சொல்வதும் மாமியின் சோற்றைத் தின்பதும் ஒரே நாளில் நடந்துகொண்டிருந்தன. யோசப்பின் ஒரு பதிலும் சொன்னதில்லை. புருசன் செத்த வீட்டில் தனி மனிசியாகக் கருவாடு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எண்பத்துமூன்றாம் ஆண்டு சித்திரை மாதம் எட்டுக் குதிரை வலு எஞ்சின் ஒன்றை லொறியில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். இறக்கிவிட்டு உள்ளே போய், ஒரு நீல நைலோன் கயிற்றுச் சுருளையும் எடுத்து வந்தார்.

"தம்பி, இதாலை எஞ்சினை வள்ளத்தோடை சேத்துக் கட்டிப்போட்டு ஓடும். பூட்டு இளகினாலும் கயிறு பிடிக்கும்."

"ஓம் மாமி" என்றான் கிறிஸ்துநாயகம். மாமி அந்தப் பக்கம் திரும்பியதும் கயிற்றைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் நின்ற ஆட்டுக்குக் கட்டினான்.

வள்ளத்தில் அவனோடு தொழிலுக்கு வருகிற சூசைதாசன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், கயிறு எஞ்சினுக்கெல்லோ?" என்று கேட்டான்.

"குருநகரிலை ஆர் எஞ்சினுக்குக் கயிறு கட்டுறது? விழுந்தால் இறங்கித் தூக்கி வைக்கிறது. மாமிக்கு என்ன தெரியும்?"

அவன் சொன்னது பொய்யில்லை. குருநகர்க் கடல் களப்புக் கடல். வள்ளத்தில் இருந்து எது விழுந்தாலும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்துவிடலாம். அப்படித்தான் அவன் சின்ன வயசில் இருந்து வெற்றிலைப் பெட்டி, மண்வெட்டி, ஒருமுறை தன் சித்தப்பாவையும் எடுத்திருக்கிறான். மாதகல் கடல் அப்படியில்லை என்பது எட்டு வருசத்தில் அவனுடைய மண்டைக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

புதன்கிழமை எஞ்சினைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். எதிரே இரண்டு வள்ளங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தன. அவற்றைக் கண்டதும் கிறிஸ்துநாயகத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டவேண்டும் என்று ஆசை வந்தது. சுற்றினான். நல்ல சுற்று. எதிர் வள்ளக்காரர் கை தட்டினார்கள். அவர்கள் அப்பால் போன பிறகு இன்னும் ஒன்று, தன் ஆசைக்காகச் சுற்றினான். அந்தச் சுற்றில் பூட்டு இளகி, எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளிக் கடலுக்குள் போய்விட்டது.

கிறிஸ்துநாயகம் கொஞ்சமும் பதறவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினான். "பிடி மச்சான் வள்ளத்தை" என்று சொல்லி, படியில் இறங்குகிறவன் மாதிரி ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான். அடுத்த கணம் ஆளைக் காணவில்லை. ஆறு பாகத் தண்ணீர் அது, ஆறு ஆள் ஆழம். தலைமயிரைப் பிடித்துச் சூசைதாசன் இழுத்துப் போட்டபோது, அவன் குடித்த உப்புத் தண்ணீரில் ஒரு பானை சோறு சமைக்கலாம்.

"நங்கூரத்தைப் போடு, மிதப்பைக் கட்டு! இடத்தை விட்டிடாதை!" என்று இருமலுக்கு நடுவே கத்தினான். அந்த ஒரு புத்தி மட்டும் அன்றைக்கு அவனுக்கு வேலை செய்தது.

துடுப்புப் போட்டுக் கரைக்கு வரும் வழியெல்லாம் அவன் நினைத்தது எஞ்சினை அல்ல, ஞாயிற்றுக்கிழமையை. அந்த ஊரில் வருசத்துக்கு ஒருமுறை புது வள்ளம், புது வலை, புது எஞ்சின் எல்லாவற்றையும் கோயிலடிக் கரையில் வரிசையாக வைத்துச் பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிப்பார். எஞ்சினை வெறுமனே வைத்தால் போதாது. அதன் விசிறிக் காலைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விட்டு, தீர்த்தம் பட்டவுடன் இழுத்து ஓட்டிக் காட்டவேண்டும். எட்டு வருசமாக ஊர் முழுக்க மாமியை வாக்குத் தவறினவள் என்று சொன்னவன், அவர் வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்த சாமானை முதல் நாளே கடலுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு எப்படி அந்த வரிசையில் போய் நிற்பது? செத்தாலும் பரவாயில்லை, மாமி இதை அறியக்கூடாது என்று முடிவு செய்தான்.

"எஞ்சின் எங்கை தம்பி?" என்று கேட்டார் யோசப்பின்.

"பண்டத்தரிப்பிலை ஒருத்தரிட்டைப் பாக்கக் குடுத்திருக்கிறன் மாமி."

"புது எஞ்சினிலை என்ன பாக்க இருக்கு?"

"புதுசெண்டபடியாத்தான் மாமி."

யோசப்பின் "ஓ" என்றார். நீலக் கயிற்றில் நின்ற ஆட்டுக்கு ஒரு பிடி குழை போட்டார்.

மாதகலில் கடலடிக்குச் சுழியோடத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டால் அவன் கரைக்கு வருமுன் செய்தி வந்துவிடும். வெளியூர் ஆள் வேண்டும். பண்டத்தரிப்பில் தம்பிராசா என்று நெல் விதைக்கிற ஒரு கமக்காரர் இருப்பது சூசைதாசனுக்கு நினைவு வந்தது. தம்பிராசா அரபு நாட்டில் ஏழெட்டு வருசம் ஒரு சுழியோடும் கொம்பனியில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற வேலை பார்த்தவர். ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. ஊருக்குத் திரும்பி வரும்போது இரண்டு பழைய சிலிண்டர்களையும் காற்றடிக்கும் மெசினையும் ரப்பர் சட்டையையும் ஈயப் பட்டியையும் கொண்டுவந்தார். கொண்டுவந்ததைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. கிணற்றில் இறங்கப் பழகினார். இப்போது வலிகாமத்தில் எந்தக் கிணற்றில் வாளி விழுந்தாலும், தண்ணீர்ப் பம்பியின் குழாய் கழன்றாலும், காதுத்தோடு விழுந்தாலும் தம்பிராசாவுக்குத்தான் ஆள் போகும். சுத்த சைவம். நல்ல பெரிய வயிறு. கிணற்றில் இறங்குமுன் திருநீறு பூசிக்கொள்வார். இறங்கிய கையோடு அது கரைந்துவிடும் என்பது வேறு விசயம்.

வியாழக்கிழமை விடியவே கிறிஸ்துநாயகம் அவருடைய வீட்டு முற்றத்தில் நின்றான். சுவரோரம் இரண்டு சிலிண்டர்கள் சாய்ந்து நின்றன. ஒன்று தொடையளவு உயரத்தில் வெள்ளி நிறத்தில் பளபளத்தது, அலுமினியம். மற்றது குட்டை, மஞ்சள் நிறம் பூசிய இரும்பு, பெயின்ற் உரிந்துபோயிருந்தது.

"கிணத்துக்கு நான் இந்தச் சின்னனைத்தான் கொண்டு போறனான்" என்றார் தம்பிராசா.

"அண்ணை, இது கிணறில்லை, கடல். பெரிசைக் கொண்டுவாங்கோ."

"ஆழம் எவ்வளவு?"

"ஆறு பாகம்."

"எங்கடை மேட்டுக் கிணறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தம்பி. சின்னன் காணும், பெரிசு தேவையில்லை."

"அண்ணை, கடலின்ரை பெரிசு என்ன, கிணத்தின்ரை பெரிசு என்ன! பெரிய இடத்துக்குப் போகேக்கை பெரிசாத்தான் போகவேணும்."

இந்த நியாயம் தம்பிராசாவுக்கும் பிடித்துவிட்டது. கடலுக்குப் போவது அவருக்கும் ஒரு கௌரவம்தானே. ஈயப் பட்டியை மட்டும் அவர் யோசிக்கவேயில்லை. அதில் கோத்திருந்த ஈயக்கட்டிகள் கிணற்றில் வருசக் கணக்காகப் போட்டு எடுத்துச் சரிபார்த்த கணக்கு. "இந்தப் பட்டியோடை இறங்கினால் நான் மேலையும் வரமாட்டன், கீழையும் போகமாட்டன், நினைச்ச இடத்திலை நிப்பன்" என்று பெருமையாகச் சொன்னார்.

வள்ளம் மிதப்பைக் கட்டிய இடத்துக்கு வந்தது. தம்பிராசா ரப்பர் சட்டையைப் போட்டு, பெரிய சிலிண்டரை முதுகில் ஏற்றி, பட்டியை இறுக்கி, கண்ணாடி போட்டு, காலில் ரப்பர்ச் செட்டை மாட்டி, வாய்க்குழாயைக் கவ்வி, கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்பக்கமாகக் கடலில் விழுந்தார்.

விழுந்தவர் அப்படியே மிதந்தார்.

காலை உதைத்தார். கையால் அளைந்தார். குப்புறப் புரண்டு தலையைக் கீழே கொடுத்தார். தலை போனது, பின்பக்கம் போக மறுத்தது. காற்செட்டை இரண்டும் வானத்தைப் பார்த்து அடித்ததில் வள்ளத்துக்குள் மழை பெய்தது. சூசைதாசன் துடுப்பால் அவருடைய இடுப்பை அமத்திப் பார்த்தான். அமத்துகிற வரைக்கும் தாழ்ந்தார், விட்டதும் வந்தார்.

"விடப்பா, நான் என்ன புட்டுக் குழலோ!" என்று வாய்க்குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினார். கத்த வாய் திறந்ததில் ஒரு மிடறு கடல் உள்ளே போனது. முகம் மாறியது.

"உப்பு!" என்றார்.

"ஓம் அண்ணை."

"தம்பி, உப்பு! சரியான உப்பு!"

"கடலெண்டால் உப்புத்தானே அண்ணை. அதுக்கு ஏன் என்னோடை கோவிக்கிறியள்?"

தம்பிராசா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நல்ல விதைநெல்லைத் தெரிஞ்செடுக்கிறதுக்கு உப்புக் கரைக்கிறனாங்கள். முட்டை ஒண்டைப் போட்டுப் பாத்து, அது மிதக்கிற வரைக்கும் உப்புப் போடவேணும். நல்ல தண்ணியிலை அதே முட்டை அடியிலை போய்க் கிடக்கும். நான் நல்ல தண்ணிக் கணக்கோடை கடலுக்கு வந்திட்டன் தம்பி. முட்டை நான்தான்."

கிறிஸ்துநாயகத்துக்குப் பொறுமை இல்லை. நங்கூரக் கல் போல ஒரு பெரிய கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "இதைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ அண்ணை."

கல்லோடு தம்பிராசா போன வேகத்தை என்ன சொல்வது! நிலத்தில் இடித்து, சேறு கிளம்பி, கண் தெரியாமல், கல்லை விட்டால் மேலே போய்விடுவோம் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு தவழ்ந்து, பயத்தில் காற்றை வாரி வாரி இழுத்தார். சிலிண்டர் வெறுமையாக வெறுமையாக அலுமினியம் இலேசாகி, முதுகுப் பக்கத்தை மேலே தூக்கத் தொடங்கியது. கடைசியில் கை சோர்ந்து கல்லை விட்டார். மேலே வந்தவர் அரைவாசி உடம்பு வெளியே தெரியக் கிளம்பி, திரும்பவும் தொப்பென்று விழுந்தார். எஞ்சினின் வாசமும் இல்லை.

"பெரிசு வேண்டாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "காத்து முடிய முடிய இது மிதக்கும். சின்னன் இரும்பு, வெறுமையானாலும் தாழும். கொம்பனியிலை கழுவேக்கை ரெண்டும் தண்ணித் தொட்டிக்கை கிடந்ததை நான் எத்தினை தரம் பாத்திருப்பன்! உம்மடை கதையைக் கேட்டு மறந்துபோனன். ஈயமும் கூடப் போடவேணும். கல்லு வேண்டாம், சின்னச் சின்ன ஈயம். ஒண்டொண்டாப் போட்டுப் பாக்கிறமாதிரி."

"எங்கை எடுக்கிறது அண்ணை?"

"உங்களிட்டை வலை ஈயம் இல்லாமலே?"

இருந்தது. காலஞ்சென்ற மாமனாரின் வலை ஈயம் ஒரு சாக்கு நிறைய இருந்தது. அது இருந்தது மாமியின் கட்டிலுக்குக் கீழே.

அன்று பின்னேரம் கிறிஸ்துநாயகம் மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் போய் நின்று, நிலைக்கதவைச் சுரண்டினான். "மாமி, கொஞ்ச வலை ஈயம் வேணும்."

"வலைக்கோ?"

"ஓம் மாமி, வலைக்கு."

"எந்த வலைக்கு?"

"அது... சின்ன வலைக்கு."

யோசப்பின் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாக்கைத் திறந்து ஒரு பை நிறைய ஈயம் அள்ளிக் கட்டினார். பையை அவன் கையில் கொடுக்காமல் கோடிப்புறத்துக்குப் போனார். ஆட்டின் கழுத்தில் இருந்த நீல நைலோன் கயிற்றை அவிழ்த்தார். அந்த இடத்தில் ஒரு பழைய தும்புக் கயிற்றைக் கட்டினார். நீலக் கயிற்றை உதறி, ஆறுதலாகச் சுருட்டி, ஈயப் பைக்கு மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மருமகனிடம் நீட்டினார்.

"பாரம், பாத்துக் கொண்டு போம்" என்றார்.

கிறிஸ்துநாயகத்துக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன. மாமிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் திட்டவில்லை? திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பான். குறை சொல்வது அவனுக்கு எட்டு வருசப் பழக்கம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். இரவு ஸ்ரெல்லா சோறு போட்டபோது, "என்ன, மீன் குழம்பு சரியில்லையோ?" என்று கேட்டாள். "எல்லாம் சரி" என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை மஞ்சள் சிலிண்டர் வந்தது. இந்த முறை தம்பிராசா அவசரப்படவில்லை. வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிமிர்ந்து நின்றார்.

"இஞ்சை பாரும் தம்பி. நான் மூச்சை நிறைய இழுத்துப் பிடிச்சுக்கொண்டு அசையாமல் நிப்பன். தண்ணி என்ரை கண்ணளவுக்கு வரவேணும். மூச்சை விட்டால் மெல்லத் தாழவேணும். அதுதான் கணக்கு. வெள்ளைக்காரர் அப்பிடித்தான் பாக்கிறவை."

மூச்சை இழுத்துப் பிடித்தார். தண்ணீர் தோளளவுக்கு நின்றது. ஒரு கைப்பிடி ஈயத்தைச் சின்னத் துணிப்பையில் போட்டுப் பட்டியில் கட்டினான் கிறிஸ்துநாயகம். நாடியளவு. இன்னும் ஒரு பிடி. மூக்களவு. "போதும் அண்ணை, போங்கோ" என்று அவசரப்பட்டான் சூசைதாசன். தம்பிராசா தலையை ஆட்டி மறுத்தார். இன்னும் நாலைந்து குண்டுகள். தண்ணீர் அவருடைய கண்ணாடியின் நடுவே ஒரு கோடு மாதிரி வந்து நின்றது. கூடிப் போய்விட்டதோ என்று இரண்டு குண்டைக் கழற்றினார், பிறகு ஒன்றைத் திரும்பக் கட்டச் சைகை காட்டினார். சமையலில் உப்புப் பார்க்கிற பெண்கள் தோற்றார்கள்.

பிறகு நீலக் கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மூச்சை விட்டார். சத்தமில்லாமல், ஒரு துளி தெறிக்காமல், நேராகக் கீழே போனார்.

குமிழிகள் வந்தன. ஓரிடத்தில் வந்தன, கொஞ்சம் நகர்ந்து வந்தன, பிறகு அசையாமல் ஒரே இடத்தில் வரத் தொடங்கின. கிறிஸ்துநாயகம் தனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, தம்பிராசாவின் பக்கத்துத் தெய்வங்களையும் மரியாதைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டான். கயிறு மூன்றுமுறை இழுபட்டது. தம்பிராசாவின் தலை மேலே வந்தது.

"கட்டிட்டன். ஆனால் ஒரு விசயம் தம்பி. உள்ளுக்கை நண்டுகள் குடிவந்திட்டுது. சிவ சிவா, ஒண்டையும் நசுக்கிப்போடாமல் மெல்ல இழுங்கோ."

இழுத்தார்கள். மாமியின் கயிற்றில் மாமியின் எஞ்சின் சேறு வடிய வடிய மேலே வந்தது. கிறிஸ்துநாயகம் அதைக் கட்டிப்பிடித்து அழுதான். சூசைதாசன் பார்க்காத மாதிரி நங்கூரத்தைத் தூக்கினான்.

அதற்குப் பிறகு வேலை முழுக்கப் பண்டத்தரிப்பில். தண்ணீர்ப் பம்பி திருத்திப் பழகிய தம்பிராசா எஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, வெயிலில் காயவைத்துப் பூட்டினார். கண்ணில் பட்ட நண்டுகளை ஒவ்வொன்றாகத் தடியால் தட்டாமல், ஊதி ஊதி வெளியே வரப் பண்ணி, போத்தலில் உப்புத் தண்ணீர் விட்டுக் கிறிஸ்துநாயகத்திடமே கொடுத்து அனுப்பினார், கடலில் விடச் சொல்லி. சனிக்கிழமை பொழுதுபடும்போது எஞ்சின் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடிக் கரையில் எஞ்சின் பளபளவென்று நின்றது. ஊர்ச்சனம் எல்லாம் திரண்டிருந்தது. கிறிஸ்துநாயகம் கலியாணத்துக்கு உடுத்த வேட்டியில் நின்றான். பக்கத்தில் ஸ்ரெல்லா, பின்னால் முக்காட்டோடு யோசப்பின். சுவாமி ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டு வந்தார். எஞ்சினுக்கு முன்னால் நின்று செபம் சொல்லித் தெளித்தார். கிறிஸ்துநாயகம் இழுகயிற்றைப் பிடித்து இழுத்தான்.

எஞ்சின் இருமியது. ஓடவில்லை. இன்னொருமுறை இழுத்தான். திரும்பவும் இருமியது. மூடியின் விளிம்பில் ஏதோ அசைந்தது. பெருவிரல் நகமளவு நண்டு ஒன்று வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்து ஒருகணம் யோசித்துவிட்டு, எஞ்சினின் மண்டையில் ஏறி நின்று இரண்டு கொடுக்கையும் சுவாமிக்கு நேரே உயர்த்தியது.

கரையே நண்டைப் பார்த்தது. புது எஞ்சினுக்குள் நண்டு எப்படி வரும் என்று விளங்காத கடற்றொழிலாளி அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. முன்வரிசையில் நின்ற ஒருவன் வாயைத் திறந்தான். கிறிஸ்துநாயகத்துக்குக் கால்கள் இரண்டும் மாதகல் கடலில் இறங்கியது போல இருந்தன, அடியே இல்லை.

அப்போது பின்னால் இருந்து யோசப்பினின் குரல் கேட்டது. ஊருக்கே கேட்கிற குரல்.

"பாத்தியளே சுவாமி, நான் குடுத்த எஞ்சினை! இன்னும் வலையே போடேல்லை, அதுக்குள்ளை நண்டு பிடிச்சுக்கொண்டு வந்திட்டுது!"

சுவாமி முதலில் சிரித்தார். பிறகு கரையே சிரித்தது. வாயைத் திறந்தவனும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சிரித்தான். யோசப்பின் முன்னால் வந்து நண்டை இரண்டு விரலால் பக்குவமாகப் பிடித்துத் தண்ணீரில் விட்டார். "இப்ப இழும் தம்பி" என்றார்.

மூன்றாம் இழுவையில் எஞ்சின் சீறிக்கொண்டு ஓடியது. கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் கிறிஸ்துநாயகம் மாமியைத் திரும்பிப் பார்த்தான். நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது. வந்தது வேறொன்று. கூட்டத்தைப் பார்த்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, தேத்தண்ணிக் கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினான்:

"எங்கடை மாமி வாக்குத் தவறாத மனிசி!"

யோசப்பின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கத்தினது காணும்" என்று மெல்லச் சொன்னார். "கயிறு எங்கை?"

"வள்ளத்திலை கட்டி வச்சிருக்கிறன் மாமி."

"ஆட்டுக்கு?"

"ஆட்டுக்கு வேறை வாங்கிட்டன்."